மூச்சுக்கு மார்க்

(உடற்கல்வி ஆசிரியர்களும் பகுதி இளைஞர்களும் கூடிய ஒருநாள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘பள்ளிக்கூடமும் நமது உடலும்’. பெரிய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் உடல், அதிகாரம், கண்காணிப்பு என்றெல்லாம் ஆழமாகப் பேசினார்கள். நான் அவ்வளவு படித்தவனில்லை. விசில் ஊதுற ஆளு. இருபத்தாறு வருசமா என் கையில் இருக்கிற கருவி ரெண்டுதான். ஒன்று விசில், இன்னொன்று ஸ்டாப்வாட்ச். அந்த ஸ்டாப்வாட்சைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

வருசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ பிள்ளைகளை ஓடவிட்டு, நேரம் குறித்து, பதிவேட்டில் எழுதுகிறோம். எதை அளக்கிறோம்? புத்தகத்தில் ஏரோபிக் திறன் என்று போட்டிருக்கும். இதயமும் நுரையீரலும் ரத்தமும் சேர்ந்து தசைக்கு எவ்வளவு ஆக்சிஜன் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, தசை அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கணக்கு. நம்ம பாஷையில் அதுக்கு ஒரே வார்த்தை: தம். ‘அவனுக்கு தம் இருக்குடா’ என்கிறோமே, அந்த தம்.

இந்த தம்மை அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்த ரெண்டு தப்பைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன். ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டு பேருமே நம்ம காலனிப் பிள்ளைகள். ஒருத்தனை நான் ரொம்ப மெச்சினேன். இன்னொருத்தியை ஏசினேன். ரெண்டும் ஒரே தப்புதான் என்று புரிய எனக்குப் பல வருசம் ஆச்சு.

முதலில் பையன். நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருசம் ஆகியிருக்கும். ஊர்த்தெருவை ஒட்டிய பள்ளிக்கூடம், ஏரிக்கரை ஓரமா ஒரு மைதானம். மூணு சுத்து ஓடினால் 600 மீட்டர். எட்டாம் வகுப்புப் பசங்களை ஓடவிட்டேன். அவன் செருப்பில்லாமல் ஓடினான். ரெண்டாவது ஆள் வந்து சேர்வதற்குள் இவன் மூச்சு வாங்கி முடித்து, குழாயில் தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறான். வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, “உங்க பசங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துலயே இருக்குது சார். இயற்கையாவே அமைஞ்ச உடம்பு” என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமா தோழர்களே, ஒளிக்காமல் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது. ‘உங்க பசங்க’ என்று சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை. ரத்தம் என்று சொன்னதும் உறைக்கவில்லை.

அந்தப் பையனை நான் விடவில்லை. குறுவட்டம், மாவட்டம் என்று கூட்டிப்போனேன். காலையில் பயிற்சி, மத்தியானம் பயிற்சி. கணக்குப் பாட வேளையிலும் மைதானத்தில்தான் இருந்தான். கணக்கு வாத்தியாரும், “அவனுக்கு எங்க சார் படிப்பு வரப்போவுது, ஓடட்டும்” என்று சந்தோசமா அனுப்பி வைத்தார். கோப்பை வந்தது. கோப்பை தலைமையாசிரியர் அறை பீரோவில் ஏறியது. பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் போனான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லை. இப்ப கரும்பு வெட்டப் போறான். வழியில் பார்த்தால், “சார், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு என்னால் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடிவதில்லை.

ரத்தத்தில் இருந்ததா அவன் ஓட்டம்? அவன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காசில்லை. போக வர எட்டு கிலோமீட்டர் தினமும் நடையும் ஓட்டமுமா வந்தவன். சாயங்காலம் மாடு ஓட்டிப் போவான். மாட்டுக்குப் பின்னாடி ஓடுகிறவன் நிதானமா, நெடுநேரம் ஓடக் கத்துக்குவான். அது பயிற்சி. தினசரி பயிற்சி செய்தால் எந்தச் சாதி இதயமும் ஒரு துடிப்புக்குக் கூடுதலாக ரத்தம் தள்ளும். உடற்செயலியல் பாடத்தில் நானே படித்து மார்க் வாங்கியதுதான். ஆனா என் காலனிப் பையன் என்று வந்தபோது பாடத்தை மறந்துட்டு ‘ரத்தத்துல இருக்குது’ என்பதை நம்பினேன். பயிற்சி என்று சொன்னால் அது அவன் உழைப்பு. இயற்கை என்று சொன்னால் அது அவன் சாதி. இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

பல்வங்கர் பாலு பேரைக் கேட்டிருப்பீர்கள். சமார் சாதியில் பிறந்த பந்து வீச்சாளர். 1911 இல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனபோது நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அவர் கை வேண்டும், அவர் வீசுற பந்து வேண்டும். ஆனால் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க மனசு வரவில்லை. 1923 இல் அவர் தம்பி வித்தலுக்குத்தான் அந்தப் பதவி கிடைத்தது. உடம்பை எடுத்துக்கொள், தலையை ஒதுக்கிவை என்பது பழைய ஏற்பாடு. நானும் அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாமல் சேவகம் பண்ணியிருக்கிறேன்.

இனி அந்தப் பொண்ணு கதை. இது நடந்தது 2018 இல். அப்ப நான் வேற பள்ளிக்கூடம். ஒரு பயிற்சியில் இருபது மீட்டர் ஓட்டச் சோதனை கத்துக்கொடுத்தாங்க. ரெண்டு கோடு போடணும், நடுவில் இருபது மீட்டர். ‘பீப்’ சத்தம் வரும்போது இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும். அடுத்த பீப்புக்குத் திரும்பி வரணும். முதல் நிமிசம் மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகம். அதாவது அந்த இருபது மீட்டரை ஏழு தடவை கடக்கணும். அப்புறம் ஒவ்வொரு நிமிசத்துக்கும் அரை கிலோமீட்டர் வேகம் கூடும். சத்தத்தைப் பிடிக்க முடியாமல் போகிற இடத்தில் நின்றுவிடலாம். கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் லுக் லெஜே என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1982 இல் வெளியிட்ட சோதனை இது. 1988 இல் இப்போதைய ஒரு நிமிச வடிவம் வந்தது. பெரிய மைதானம் வேண்டாம், மெதுவாகத் தொடங்குகிறது, செலவில்லை. ஒரு நல்ல சோதனை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுங்களை ஓடவிட்டேன். அவள் மூணாவது நிமிசம் முடியும்போது நின்னுட்டாள். நின்றவள் அப்படியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து தலையைக் கவுத்துக்கிட்டாள். மத்தவங்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். “சோறு தின்னுட்டுத்தானே வர்ற? என்னா சோம்பேறித்தனம்?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்தி என்கிட்ட வந்து மெதுவா, “சார், அவ காலையில சாப்புடல. நேத்து ராத்திரியும் சாப்புடல” என்றாள்.

தோழர்களே, நானும் காலனியில் பொறந்தவன். என் அப்பா பண்ணையாளா இருந்தவர். பள்ளிக்கூட மத்தியானச் சோத்துக்காகவே பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த என் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது. தலைமையாசிரியர் சொன்னதாவது அவர் சாதி சொல்லிக் கொடுத்தது. எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்த ஸ்டாப்வாட்ச்தான். கையில் ஒரு கருவி வந்ததும், எதிரில் நிற்கிறது பிள்ளை இல்லை, எண் என்று ஆகிவிடுகிறது.

விசாரித்தேன். அம்மா செங்கல் சூளைக்கு விடியறதுக்கு முன்னாடி போயிடுறாங்க. இவள்தான் தண்ணி பிடிக்கணும், சோறாக்கணும், தம்பிக்குப் போடணும். மிச்சம் இருந்தால் இவளுக்கு. ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்தபோது அவளை முதலில் நிறுத்தி ரத்தம் பார்க்கச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.4. அந்த வயசுக்கு 12 இருக்கணும்.

இந்த 8.4 க்கு என்ன அர்த்தம் என்று கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 12 கிராம் இருந்தால் நூறு மில்லி ரத்தத்தில் 16 மில்லி ஆக்சிஜன். 8.4 இருந்தால் 11 மில்லிதான். ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு குறைவு. நுரையீரல் நல்லா இருக்கு, இதயம் நல்லா இருக்கு, கால் நல்லா இருக்கு. ஆனா சுமை தூக்குற ஆளு இல்லை. ரெண்டு மூட்டையை வச்சுக்கிட்டு மூணு மூட்டை வேலை செய்யச் சொல்லி நான் விசில் ஊதியிருக்கிறேன். அவள் மூணு நிமிசம் ஓடினதே பெரிய விசயம். அதை நான் சோம்பேறித்தனம் என்று பதிவேட்டில் ‘கீழ்நிலை’ போட்டு வைத்திருக்கிறேன்.

இது ஏதோ ஒரு பொண்ணு கதை இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்துக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 சதவீதம். நாம் பத்துப் பொண்ணுங்களை வரிசையில் நிறுத்தி விசில் ஊதினால் ஆறு பேர் குறைந்த ரத்தத்தோடு ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு பேர் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப அந்தச் சோதனையின் சூத்திரத்துக்கு வருகிறேன். பிள்ளை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை வைத்து, ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிசத்துக்கு எத்தனை மில்லி ஆக்சிஜன் என்று கணக்கிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்துக்குள் போகிற விசயம் ரெண்டே ரெண்டு. ஒன்று கடைசியா ஓடின வேகம், இன்னொன்று வயசு. அவ்வளவுதான். அந்தப் பொண்ணுக்குப் போட்டுப் பார்த்தால் 36.7 என்று வரும். தசமப் புள்ளி வரைக்கும் சுத்தமா வரும். ராத்திரி சாப்பிட்டாளா என்று அந்தச் சூத்திரம் கேட்காது. எத்தனை குடம் தண்ணி தூக்கிட்டு வந்தாள் என்று கேட்காது. மாதவிலக்கா என்று கேட்காது. கேட்காதது சூத்திரத்தின் குற்றமில்லை. அது கனடாவில் பிள்ளைகளை ஓடவிட்டு உண்டாக்கிய ஒரு உத்தேசக் கணக்கு. கேட்க வேண்டியவன் பக்கத்தில் நிற்கிற நான்.

இந்த அளவைகள் எங்கிருந்து வந்தன என்றும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடுகிறவன் விடுகிற மூச்சை ஒரு பையில் பிடித்து, ஒரு எல்லைக்கு மேல் உடம்பு ஆக்சிஜன் எடுக்க முடியாது என்று 1923 இல் எழுதியவர் ஏ.வி. ஹில் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. தெரிந்துகொள்ளும் ஆசையில் செய்தது. ஆனால் சோதனையைப் பரப்பியது ஆசை இல்லை, தேவை. ஹார்வர்டில் 1943 இல் வந்த படியேறும் சோதனை, போர்க்காலத்தில் யார் தாங்குவான் என்று பார்ப்பதற்கு. இருபது அங்குல உயரப் படியில் நிமிசத்துக்கு முப்பது தடவை, ஐந்து நிமிசம் ஏறி இறங்கணும். சத்தில்லாமல் குட்டையாய்ப் போன பிள்ளைக்கு அந்தப் படி முழங்காலுக்கு மேல் வரும். பன்னிரண்டு நிமிச ஓட்டத்தை 1968 இல் வெளியிட்ட கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படை மருத்துவர். 115 விமானப்படை ஆண்களை வைத்துச் செய்தது. ராணுவத்துக்கு ஆள் எடுப்பவனுக்கு ஒரே கேள்விதான்: இவன் தேறுவானா, மாட்டானா? தேறாதவன் வீட்டுக்குப் போகலாம். பள்ளிக்கூடம் ராணுவமில்லை. தேறாத பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடமே வேண்டும்.

இன்னொரு வரலாறும் உண்டு. மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவி 1840 களில் வந்தது. அதைக் கையில் எடுத்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்கத் தென்மாநில மருத்துவர், கறுப்பின அடிமைகளுக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவு என்று 1851 இல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஆகையால் கட்டாய உழைப்பு அவர்களுக்கு நல்லது, உழைத்தால்தான் ரத்தம் சுத்தப்படும் என்றார். அடிமை தப்பியோடுவதை ஒரு நோய் என்று பெயர் வைத்தவரும் இதே ஆள்தான். அந்தப் பேச்சு அவரோடு சாகவில்லை. கறுப்பின மக்களுக்கு என்று தனிக் கழிவு போட்டுக் கணக்கிடும் வழக்கம் அந்தக் கருவிகளில் நெடுங்காலம் இருந்தது. இனத்தைக் கணக்கில் சேர்க்காத முறைக்கு மாறுங்கள் என்று அமெரிக்க மார்பு மருத்துவர் சங்கம் சொன்னது 2023 இல். எத்தனை வருசம் பாருங்கள்.

மூச்சு குறைந்தால் ‘அவன் இனம் அப்படி’. மூச்சு நிறைய இருந்தால் ‘அவன் இனம் அப்படி’. ரெண்டிலும் அவன் என்ன தின்றான், என்ன செய்தான், எங்கே இருந்தான் என்ற கேள்வி காணாமல் போகிறது. நம் ஊரில் என் பையனுக்கு ‘ரத்தத்துலயே இருக்குது’ என்றும், என் பொண்ணுக்கு ‘சோம்பேறி’ என்றும் நடந்தது இதுதான். பாராட்டும் ஏச்சும் ஒரே வாயின் ரெண்டு உதடு.

இப்ப இங்கே சில தோழர்கள் கேட்பீர்கள்: அப்ப இந்த அளவையே வேண்டாம், எல்லாம் ஆதிக்கத்தின் கருவி என்று தூக்கிப் போட்டுவிடலாமா? காலையில் பேசிய தோழர் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். அவரிடம் நான் மரியாதையோடு மாறுபடுகிறேன்.

அன்றைக்கு நான் அளக்காமல் இருந்திருந்தால், அந்தப் பொண்ணு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். ‘ஒடம்பு சரியில்ல சார்’ என்று சொல்லியிருப்பாள், சரி உட்கார் என்று சொல்லியிருப்பேன். 8.4 என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அவள் பசி மூணாவது நிமிசத்தில் வெளியே வந்தது. நான் தப்பாகப் படித்தேன், அது வேற விசயம். ஆனால் எழுத்து இருந்தது. அளவையை ஒழிப்பதில்லை நம் வேலை. அதைப் படிக்கிற அதிகாரத்தை நம் கைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. பசிக்கு எண் இல்லாவிட்டால் கோரிக்கைக்கு முகம் இல்லை. அதிகாரியிடம் போய் ‘பிள்ளைங்க பலவீனமா இருக்காங்க’ என்றால் சிரிப்பான். ‘நாப்பது பிள்ளையில் பதினெட்டு பேர் மூணாவது நிமிசத்தைத் தாண்டல, அதுல ரத்தம் பார்த்தவங்க இத்தனை பேர்’ என்று உங்கள் பள்ளிக் கணக்கை வைத்தால் கோப்பில் எழுதித்தான் ஆகணும்.

அதனால் எப்படி அளப்பது என்று மட்டும், என் அனுபவத்திலிருந்து சில விசயம் சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியர்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

ஒன்று. எதோடு ஒப்பிடுகிறோம்? மூணு வழி இருக்கிறது. பிள்ளையை மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டு ரேங்க் போடுவது ஒன்று. அமெரிக்காவில் நெடுங்காலம் அதுதான் இருந்தது. நூற்றில் எண்பத்தைந்து பேரை முந்தினவனுக்கு ஜனாதிபதி பெயரில் விருது. உடல்நலத்துக்கு இவ்வளவு இருந்தால் போதும் என்று ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால் சரி என்பது ரெண்டாவது. ஃபிட்னஸ்கிராம் என்று 1982 இல் தொடங்கிய முறை பின்னால் இந்த வழிக்கு வந்தது. மூணாவது, பிள்ளையை அதே பிள்ளையின் பழைய எண்ணோடு ஒப்பிடுவது. என்னைக் கேட்டால், வகுப்பறையில் மூணாவதை வையுங்கள். அரசாங்கத்திடம் பேசும்போது ரெண்டாவதை வையுங்கள். முதலாவதை மட்டும் வைக்காதீர்கள். ரேங்க் என்றாலே யாரோ ஒருத்தர் கடைசியாக இருந்தாக வேண்டும். அந்தக் கடைசி இடத்துக்கு நம் பிள்ளைகளை இந்தச் சமூகம் ஏற்கெனவே தேர்வு செய்து வைத்திருக்கிறது.

ரெண்டு. 600 மீட்டரை நம்பி முடிவு கட்டாதீர்கள். 2019 முதல் வந்த கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனையில் நாலாம் வகுப்பு முதல் தாங்குதிறனுக்கு 600 மீட்டர்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1958 இல் 600 கஜம் என்று வைத்ததன் சாயல் அது. அவர்களே பிறகு, இந்தத் தூரம் குறைவு, தம்மைக் காட்டாது என்று மைல் ஓட்டத்துக்கும் ஒன்பது நிமிச ஓட்டத்துக்கும் போய்விட்டார்கள். ரெண்டு மூணு நிமிசத்தில் முடிகிற ஓட்டத்தில் வேகத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. செயலியில் 600 பதிய வேண்டுமா, பதியுங்கள். ஆனால் பிள்ளையைப் புரிந்துகொள்ள இருபது மீட்டர் ஓட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூணு. பழகாத பிள்ளையை அளக்காதீர்கள். எப்படி நிதானிப்பது என்று தெரியாத பிள்ளை முதல் சுத்தில் பறந்துவிட்டு ரெண்டாவது சுத்தில் நிற்கும். அது தம் இல்லாததால் இல்லை, சொல்லித் தராததால். ரெண்டு தடவை சும்மா ஓடவிட்டு, மூணாவது தடவைதான் பதிவு செய்யணும். வெயில் ஏறுவதற்கு முன் வைக்கணும்.

நாலு. விசிலுக்கு முன்னால் கேள்வி. சாப்பிட்டியா? காய்ச்சலா, இளைப்பா? நெஞ்சு வலி, மயக்கம் எப்பவாவது வந்துச்சா? ராத்திரி தூங்கினியா? பொண்ணுங்களிடம் மாதவிலக்கு விசயத்தை ஆண் ஆசிரியர் கேட்க வேண்டாம். ‘இன்னைக்கு வேணாம்னா வேணாம், காரணம் சொல்ல வேணாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பிடாத பிள்ளையை அன்றைக்கு ஓடவிடாதீர்கள். இந்தப் பதிலையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ‘மூணாம் நிமிசம். காலை உணவு இல்லை’ என்று எழுதினால்தான் அது முழு அளவை.

அஞ்சு. எண்ணைக் கூவாதீர்கள், பலகையில் ஒட்டாதீர்கள். இருபது மீட்டர் ஓட்டத்தில் ஒரு கெடுதல் உண்டு. முதலில் நிற்கிற பிள்ளையை எல்லாரும் பார்க்கிறார்கள். அதுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பிள்ளைகளை ஜோடியாக்கி, ஒருத்தர் ஓட, ஒருத்தர் எண்ணணும். நின்ற பிள்ளை உடனே ஓரத்தில் உட்காரக்கூடாது, மெதுவா நடந்துகொண்டே இருக்கணும். அது உடம்புக்கும் நல்லது, மானத்துக்கும் நல்லது. ‘எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எந்திரிங்க’ என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டவன் நான். எல்லார் முன்னாலும் தனியா நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

ஆறு. இது கடைசி, இதுதான் முக்கியம். குறைந்த எண் வந்தால் அது பிள்ளைக்கு மார்க் இல்லை, நமக்கு வேலை. ரெண்டு தடவையும் குறைவாக வந்த பிள்ளையை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வாராவாரம் பள்ளியில் தருகிற இரும்புச்சத்து மாத்திரை எங்கே போகிறது என்று பாருங்கள். காலி வயிற்றில் போட்டால் குமட்டும், பிள்ளைங்க புதரில் வீசிடுவாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், நம் கண் முன்னால் விழுங்க வையுங்கள். கூடவே டீ குடிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். பூச்சி மாத்திரையும் அப்படித்தான்.

அந்தப் பொண்ணுக்கு டாக்டர் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டில் முட்டையை அவள் தம்பிக்கு எடுத்து வைக்காமல் தின்கிறாளா என்று சத்துணவு அம்மா பார்த்துக்கிட்டாங்க. தம்பியும் அதே வளாகத்தில்தான் படித்தான், அவனுக்கும் முட்டை உண்டு என்று சொல்லிச் சொல்லிப் புரிய வைத்தோம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஓடவிட்டேன். ஐந்து மாசம் கழித்து அதே கோட்டில், அதே சத்தத்துக்கு ஓடினாள். ஐந்தாவது கட்டத்தை முடித்தாள். சூத்திரத்தில் போட்டால் 42.1. எல்லாம் மாத்திரையின் மகிமை என்று சொல்ல மாட்டேன். ஓடிப் பழகியதும் உண்டு, கத்தாத வாத்தியாரும் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். அவள் ரத்தத்தில் குறைந்தது இரும்பு. சாதி இல்லை.

அன்றைக்கு எல்லார் முன்னாடியும் கத்தினேனே, அதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிச்சுக்கிட்டு, “பரவால்ல சார்” என்றாள். அந்தப் பையனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன சொல்லிக் கேட்பது? உன் காலை மட்டும் பார்த்தேன்டா, உன்னைப் பார்க்கலை என்றா?

காலை உணவுத் திட்டம் 2022 இல் மதுரையில் தொடங்கி, 2023 இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போனது. நல்ல விசயம், வரவேற்கிறோம். ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று தொடங்கப்பட்டது. நான் சொன்ன பொண்ணு ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி டி.சி. வாங்கிட்டுப் போயிடுமா? நம் பதிவேட்டில் இருக்கிற எண்களை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். கூடவே, பாடவேளைப் பட்டியலில் மட்டும் இருக்கிற விளையாட்டு நேரத்தைக் கேட்க வேண்டும். மைதானத்தைக் கேட்க வேண்டும். ஓடத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்குப் பாடத்தையும் விடாமல் கேட்க வேண்டும்.

நம் பாட்டன் பூட்டன் உழைத்த உழைப்பை ஒருத்தரும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கவில்லை. அளந்திருந்தால் கூலி கொடுக்க வேண்டியிருந்திருக்கும். இப்ப அளக்கிறார்கள், அளக்கட்டும். ஆனால் அந்த எண்ணின் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதை நாம் எழுதுவோம். அடுத்த தடவை விசிலை வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள், தோழர்களே: “சாப்புட்டியா கண்ணு?”

அதுக்கப்புறம் ஊதுங்கள்.